பழைய தளபாடத்திற்குப் புதுவாழ்வு: லாக்கரா, பெயின்றா?

எமது வீடுகளில் உள்ள நல்ல மரத் தளபாடங்களுள் பெரும்பாலானவை இன்று கடையில் வாங்கக் கிடைப்பவை அல்ல. முதிரையில் செய்த அலுமாரி, பலாமரக் கட்டில், தேக்குச் சாய்மனைக் கதிரை, வேம்பில் செய்த வாங்கு என்பவை எல்லாம் எமது பாட்டன், பாட்டி காலத்துத் தேட்டங்கள். வடக்குக் கிழக்கில் நீண்ட போரினாலும் இடப்பெயர்வினாலும், கரையோரங்களில் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையினாலும் பல குடும்பங்கள் இவற்றை இழந்துவிட்டன. எஞ்சியிருப்பவை பாதுகாக்கப்பட வேண்டியவை. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் மரத்தின் விலையும் கூலியும் ஏறியதால், புதிதாகச் செய்விப்பதைவிட உள்ளதைத் திருத்திப் பயன்படுத்துவதே புத்தி என்று பலரும் எண்ணத் தொடங்கினர். அது நல்ல எண்ணமே.

ஆனால் திருத்தும்போது ஒரு கேள்வி எழுகிறது. மரத்தின் நிறமும் வரியும் தெரியும்படி லாக்கர் பூசுவதா, அல்லது மரத்தை மூடிப் பெயின்ற் அடிப்பதா? பலர் இதனை அழகு பற்றிய கேள்வி என்றே கருதுகின்றனர். கையில் எந்த ரின் கிடைக்கிறதோ அதைப் பூசிவிடுவோரும் உண்டு. உண்மையில் மரத்தின் ஆயுள், வீட்டாரின் சுகம், கைப்பணம் ஆகிய மூன்றும் இந்த முடிவிலே தங்கியுள்ளன. ஆகவே இரண்டும் எவ்வாறு வேலை செய்கின்றன என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம்.

லாக்கர் என்பது என்ன?

லாக்கர் என்ற பெயரால் மூன்று வெவ்வேறு பொருட்கள் அழைக்கப்படுகின்றன. சீனாவிலும் யப்பானிலும் ஒருவகை மரத்தின் பாலை எடுத்துப் பூசுவது ஒன்று. அரக்குப் பூச்சி மரக்கிளைகளில் சுரக்கும் அரக்கைக் கொண்டு செய்யும் வேலை இன்னொன்று. எமது நாட்டில் மாத்தளை மாவட்டத்து ஹப்புவிட கிராமத்தவர்கள் நிற அரக்கினால் கைப்பிடிகளையும் சிமிழ்களையும் அலங்கரிக்கும் தொழில் இவ்வகையைச் சேர்ந்தது. பழைய அலுமாரிகளுக்கு ஆசாரிமார் பூசிய பிரெஞ்சுப் பொலிஷும் அரக்கை ஸ்பிரிற்றில் கரைத்துச் செய்ததே.

இன்று வன்பொருட் கடையில் லாக்கர் என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது மூன்றாவது வகையாகும். இது நைத்திரோசெலுலோசு என்னும் பொருளைத் தின்னர் போன்ற கரைப்பான்களில் கரைத்துச் செய்யப்படுவது. 1920களில் மோட்டார்க் கார்களுக்குப் பூசுவதற்காக இது பெருமளவில் பாவனைக்கு வந்தது. அதற்கு முன் ஒரு காருக்கு வர்ணம் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் சென்றது. லாக்கர் வந்தபின் சில நாட்களில் அவ்வேலை முடிந்தது. பின்னர் தளபாடத் தொழிலும் இதனை ஏற்றுக்கொண்டது. எமது நாட்டில் மொறட்டுவை போன்ற தளபாடத் தொழில் மையங்களிலும் லாக்கர் வேலை நெடுங்காலமாக நடைபெறுகிறது.

லாக்கர் காய்வது மிக எளிமையான முறையிலாகும். கரைப்பான் ஆவியாகிப் போக, கரைந்திருந்த பொருள் மெல்லிய கண்ணாடிபோலப் படிந்துவிடுகிறது. வேறு மாற்றம் எதுவும் நிகழ்வதில்லை. இதனால் மூன்று விளைவுகள் உண்டாகின்றன. முதலாவது, பத்துப் பதினைந்து நிமிடத்தில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிடும். இரண்டாவது, மேலே பூசும் புதிய பூச்சு கீழே உள்ள பழைய பூச்சைச் சற்றுக் கரைத்து அதனுடன் ஒன்றாகிவிடும். மூன்றாவது, பத்து ஆண்டுகள் சென்றாலும் தின்னர் பட்டால் அது மறுபடியும் கரையும். பலமும் பலவீனமும் இந்த மூன்றாவது குணத்திலேயே இருக்கின்றன. கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் திருத்திக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் முழுவதையும் கழுவி எடுத்துவிடலாம். ஆனால் சில இரசாயனங்கள் சிந்தினாலும் சூடான பாத்திரம் வைத்தாலும் அது கெட்டுவிடும்.

பெயின்ற் என்பது என்ன?

தளபாடத்திற்கு நாம் பாவிக்கும் பெயின்ற் பொதுவாக எனாமல் வகையாகும். இதில் எண்ணெய் கலந்த ஒரு பிசினும், நிறத்தைத் தரும் நுண்ணிய தூளும் இருக்கின்றன. எனாமலிலும் முதலில் ரேர்பன்ரைன் ஆவியாகிறது. ஆனால் வேலை அத்துடன் முடிவதில்லை. மீதமுள்ள எண்ணெய்ப் பிசின் காற்றில் உள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து, வலைபோலப் பின்னிக்கொண்டு இறுகுகிறது. ஆகவே காய்வதற்கு மணித்தியாலக்கணக்கில் செல்லும். அடுத்த பூச்சுக்கு ஓரிரவு விட வேண்டும். முற்றாக இறுகுவதற்கு ஒன்று, இரண்டு கிழமை செல்லும். இறுகியபின் ரேர்பன்ரைனில் அது மறுபடி கரைவதில்லை.

நிறத்தூள் இருப்பதால் வெயில் மரத்தைத் தொடுவதில்லை. தெளிந்த லாக்கர் பூச்சினூடாகச் சூரிய ஒளி உட்சென்று, மரத்தின் மேற்படையைச் சிதைத்துவிடும். பூச்சு நன்றாக இருந்தாலும் அதன் கீழுள்ள மரம் பிடிவிட்டு, பூச்சுச் செதில் செதிலாகக் கழரும். இதனாலேயே வெயில் படும் இடத்திற்கு லாக்கர் உதவாது, பெயின்ற் உதவும் என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்கின்றனர்.

முடிவெடுக்குமுன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. மரம் எது? முதிரை, தேக்கு, பலா, மகோகனி, வேம்பு போன்றவற்றின் வரியோட்டமே அவற்றின் செல்வம். இவற்றை லாக்கரின் கீழ் விடுவதே தகும். றப்பர் மரம், பைன் பலகை, ஒட்டுப்பலகை, பல மரத்துத் துண்டுகளைச் சேர்த்துச் செய்த பொருட்கள் என்பவற்றுக்குப் பெயின்ற் பொருத்தமானது. நிற வேறுபாட்டையும் புட்டி அடைத்த இடங்களையும் அது மறைத்துவிடும்.

2. எங்கே இருக்கப்போகிறது? அறைக்குள் இருப்பதற்கு லாக்கர். மழைச்சாரலும் வெயிலும் படும் விறாந்தை வாங்கு, வெளிக்கதவு, யன்னல் என்பவற்றுக்கு எனாமல்.

3. எதற்குப் பயன்படுகிறது? சூடான தேநீர்க் கோப்பையும் குழம்புச் சட்டியும் வைக்கும் மேசைக்குச் சாதாரண லாக்கர் போதாது. வெள்ளை வளையங்கள் விழும். தினமும் ஈரத்துணியால் துடைக்க வேண்டிய குசினி அலுமாரிக்கும் எனாமலே நன்று. சாப்பாட்டு மேசை நல்ல மரமாக இருந்தால், பொலியூரிதேன் வார்னிஷ் பூசலாம். அது மரத்தையும் காட்டும், சூட்டையும் ஈரத்தையும் லாக்கரைவிட நன்கு தாங்கும். ஆனால் லாக்கரைப்போல இலகுவாகக் கழுவி எடுக்க முடியாது.

4. மரத்தின் நிலை என்ன? கறை ஊறி, எரிந்து, பலகை மாற்றி, ஒட்டுப் போட்டிருந்தால் லாக்கர் அந்தக் குறைகளை எல்லாம் இன்னும் எடுத்துக் காட்டும். லாக்கர் கண்ணாடி போன்றது. கீழே உள்ளது எதுவோ அதுவே மேலே தெரியும்.

5. பின்னர் மனம் மாறினால்? ஐந்தினுள்ளும் முக்கியமான கேள்வி இதுவே. லாக்கர் பூசிய மேசைக்கு நாளை பெயின்ற் அடிக்கலாம். பெயின்ற் அடித்த மேசையை நாளை பழைய நிலைக்குக் கொண்டுவருவது மிகக் கடினம். தேக்கு, மகோகனி போன்ற மரங்களின் நுண்துளைகளுக்குள் புகுந்த வெள்ளைப் பெயின்றை எவ்வளவு சுரண்டினாலும் முற்றாக எடுக்க முடியாது. எடுக்க முயன்றால் மரமே தேய்ந்துபோகும். ஆகவே ஐயம் இருக்கும்போது, திரும்பி வரக்கூடிய வழியையே தெரிந்துகொள்ளுங்கள். நல்ல மரத்துக்கு முதலில் லாக்கர், அது சரிவராவிட்டால் பின்னர் பெயின்ற் என்பது நினைவில் வைக்கத்தக்க ஒழுங்கு.

பழைய பூச்சைக் கண்டுபிடித்தல்

புதிதாக எதைப் பூசுவது என்பதற்கு முன்னர், ஏற்கெனவே என்ன பூசப்பட்டிருக்கிறது என்று அறிய வேண்டும். அலுமாரியின் பின்பக்கம், மேசையின் அடிப்பக்கம் போன்ற மறைவான இடத்தில் சோதித்துப் பாருங்கள். மெழுகு பூசியிருக்கலாம் என்பதால் அந்த இடத்தை முதலில் ரேர்பன்ரைனால் துடைத்துக் காயவிடுங்கள்.

பின்னர் பஞ்சில் சிறிது ஸ்பிரிற் எடுத்து ஒரு நிமிடம் ஒற்றி வையுங்கள். பூச்சு இளகிப் பிசுபிசுத்தால் அது பிரெஞ்சுப் பொலிஷ். இளகாவிட்டால், பக்கத்தில் வேறோர் இடத்தில் லாக்கர் தின்னரை ஒற்றுங்கள். கரைந்து வந்தால் அது லாக்கர். கரையாமல் சுருங்கிக் கொப்புளம்போல எழும்பினால் அது எனாமல் அல்லது எண்ணெய் வார்னிஷ். இரண்டுக்கும் அசையாவிட்டால் பொலியூரிதேன் போன்ற இரசாயனமாக இறுகும் பூச்சாக இருக்கலாம். ஸ்பிரிற்றை முதலிலும் தின்னரைப் பின்னரும் வைக்க வேண்டும். தின்னர் பிரெஞ்சுப் பொலிஷையும் இளக்கக்கூடியது என்பதால் ஒழுங்கை மாற்றினால் விடை குழம்பிவிடும்.

இந்தச் சோதனையிலிருந்து ஒரு விதியும் கிடைக்கிறது. லாக்கரின் மேல் பெயின்ற் நிற்கும். பெயின்றின் மேல் லாக்கர் நிற்காது. லாக்கரில் உள்ள வீரியமான கரைப்பான் கீழுள்ள எனாமலைச் சுருங்கச் செய்து கிளப்பிவிடும். பழைய பெயின்றின் மேல் லாக்கர் அடித்து மினுக்கம் கொடுக்கலாம் என்று எண்ணி, பொருளையும் பணத்தையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஈயத்தைப் பற்றிய எச்சரிக்கை

பழைய எனாமல் பெயின்றுகளில் ஈயம் கலந்திருக்கலாம். நிறத்திற்காகவும் விரைவில் காய்வதற்காகவும் அக்காலத்தில் ஈயச் சேர்வைகள் சேர்க்கப்பட்டன. எமது நாட்டில் பெயின்றில் உள்ள ஈயத்துக்கு எல்லை விதித்து நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை பிறப்பித்த கட்டளை 2013 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே அதற்கு முன்னர் பூசப்பட்ட பெயின்ற் எதுவாயினும், ஈயம் உண்டு என்று கருதியே வேலை செய்ய வேண்டும்.

ஈயத் தூசி சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். கர்ப்பிணித் தாய்மாரின் வயிற்றிலுள்ள சிசுவையும் பாதிக்கும். பழைய பெயின்றை உலர்ந்த நிலையில் சாண்ட் பேப்பரால் தேய்க்கக் கூடாது. நெருப்பால் சுட்டு எடுக்கவும் கூடாது. தண்ணீர்க் கடதாசியைத் தண்ணீரில் நனைத்து ஈரமாகத் தேய்க்க வேண்டும். கீழே பழைய பொலித்தீன் விரித்து, விழும் சேற்றை அதிலேயே சேர்த்துக் கட்டி ஒதுக்க வேண்டும். அதனை முற்றத்திலோ கிணற்றடியிலோ கொட்டக் கூடாது. கோழிகள் கொத்தும், பிள்ளைகள் விளையாடும் இடத்தில் இவ்வேலையைச் செய்யவே கூடாது. வேலை முடிந்ததும் உடுப்பை வேறாகத் துவைத்து, கை முகம் கழுவிய பின்னரே சாப்பிட வேண்டும்.

பழைய பெயின்ற் உறுதியாக ஒட்டிக்கொண்டிருந்தால், அதனை எடுக்காமல் மேற்பரப்பை மட்டும் ஈரமாகத் தேய்த்து, அதன் மேல் புதிய பெயின்ற் அடிப்பதே பெரும்பாலும் பாதுகாப்பானது. சிலர் கோஸ்ரிக் சோடாவால் பழைய பூச்சை எடுக்கின்றனர். அது தேக்குப் போன்ற மரங்களைக் கறுக்கச் செய்யும், பசைப் பொருத்துக்களையும் இளக்கும். தோலையும் கண்ணையும் எரிக்கும். நல்ல தளபாடத்துக்கு அது வேண்டாம்.

லாக்கர் பூசும் முறை

பழைய லாக்கரையோ பொலிஷையோ உரிய கரைப்பானால் கழுவி எடுத்தபின், மரத்தை 120, 180, 240 என்ற இலக்க ஒழுங்கில் சாண்ட் பேப்பரால் தேய்க்க வேண்டும். எப்போதும் வரியோட்டத்தின் வழியே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கோடுகள் லாக்கர் பூசியபின் பளிச்சென்று தெரியும். ஆணித் துவாரங்களுக்கு அதே மரத்தின் மெல்லிய தூளைச் சீலருடன் குழைத்து அடைக்கலாம். தேக்கு எண்ணெய்ப்பசை உள்ள மரம் என்பதால், பூசுவதற்குச் சற்று முன்னர் தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துக்கொள்ள வேண்டும்.

அதன்பின் சாண்டிங் சீலர் இரண்டு பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்தபின் 320 இலக்கச் சாண்ட் பேப்பரால் இலேசாகத் தேய்த்துத் தூசியைத் துடைக்க வேண்டும். சீலர் நுண்துளைகளை அடைத்து மட்டமாக்கும். இதைச் சுருக்கினால் லாக்கரை எத்தனை முறை பூசினாலும் மரம் குடித்துக்கொண்டே இருக்கும். பின்னர் தின்னர் சேர்த்து நீர்த்த லாக்கர் மூன்று பூச்சு. பூச்சுக்களுக்கிடையே ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் விடலாம். ரின்னில் எழுதியிருக்கும் நேரத்தையும் தின்னர் அளவையும் பின்பற்றுங்கள்.

இயந்திரம் உள்ளவர்கள் விசிறிப் பூசுவர். இல்லாதவர்கள் பஞ்சை மென்மையான பருத்தித் துணியில் பொதிந்து, லாக்கரில் தோய்த்து, ஒரே திசையில் நிறுத்தாமல் இழுத்துப் பூசலாம். பூசிய இடத்தில் மறுபடி மறுபடி தேய்த்தால் கீழ்ப்பூச்சுக் கரைந்து இழுபடும். பிரஷ்ஷால் பூசினால், விரைவில் காய்வதால் பிரஷ்ஷின் கோடுகள் நிற்கும். பெரிய பரப்புக்கு அது ஏற்றதல்ல.

பெயின்ற் அடிக்கும் முறை

மேற்பரப்பை 150, 180 இலக்கச் சாண்ட் பேப்பரால் தேய்த்து மினுக்கத்தை எடுத்துவிட வேண்டும். மினுக்கத்தின் மேல் பெயின்ற் பிடிக்காது. பைன் பலகையின் கணுக்களிலிருந்து பிசின் கசிந்து பெயின்றை மஞ்சளாக்கும். மகோகனி போன்ற சிவந்த மரத்தின் சாயமும் வெள்ளைப் பெயின்றினூடாக மேலே வரும். இவ்விடங்களுக்கு ஸ்பிரிற்றில் கரைத்த அரக்கை ஒருமுறை பூசினால் கசிவு நிற்கும். பின்னர் அண்டர்கோட் ஒன்று, ஓரிரவு விட்டு மெல்லத் தேய்த்து எனாமல் ஒன்று, மறுநாள் இன்னொன்று. தடிப்பாக ஒரே முறையில் அடித்தால் மேல் காய்ந்து உள் காயாமல் சுருக்கம் விழும். மெல்லிய இரு பூச்சு ஒரு தடித்த பூச்சிலும் பலமானது.

காலநிலையும் காற்றும்

லாக்கருக்கு எதிரி ஈரப்பதன், எனாமலுக்கு எதிரி தூசி. லாக்கரின் தின்னர் விரைவாக ஆவியாகும்போது பரப்புக் குளிர்ந்துவிடும். மாரி காலத்தில் காற்றிலுள்ள நீராவி அதன் மேல் ஒடுங்கி, பூச்சுக்குள் அகப்பட்டு, பால் படிந்ததுபோல வெண்மையாகிவிடும். ஆகவே வாடைக்காற்று வீசும் மழை மாதங்களிலும், மலைநாட்டின் பனிக் காலைகளிலும் லாக்கர் பூசுவதைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்குப் பின் வெயில் ஏறியதும் தொடங்கி, மாலைக்கு முன் முடிப்பது நல்லது. வெண்மை படிந்துவிட்டால் பதற வேண்டாம். காய்ந்த நாளொன்றில் மெதுவாக ஆவியாகும் தின்னர் கலந்து மெல்லிய பூச்சொன்று கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

வடக்கில் சோளகமும் கிழக்கில் கச்சானும் வீசும் மாதங்களில் காற்று உலர்ந்திருப்பதால் லாக்கருக்கு நல்லது. எனாமலுக்கோ அவை கெட்ட காலம். மணிக்கணக்கில் ஈரமாக இருக்கும் எனாமலில் புழுதியும் பூச்சியும் ஒட்டிக்கொள்ளும். அக்காலத்தில் பெயின்ற் அடிப்பதாயின் நிலத்துக்குத் தண்ணீர் தெளித்து, காற்று நேரே வராத இடத்தில் அடிக்க வேண்டும்.

நெருப்பும் மூச்சும்

லாக்கர் வேலையில் கவனக்குறைவுக்கு இடமில்லை. நைத்திரோசெலுலோசு வெடிமருந்தின் இனத்தைச் சேர்ந்தது. தின்னரின் ஆவி எமது சாதாரண அறை வெப்பத்திலேயே தீப்பற்றும். அது காற்றிலும் பாரமானது. கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தோடு ஊர்ந்து சென்று, பல அடி தூரத்தில் எரியும் அடுப்பையோ விளக்கையோ எட்டி, அங்கிருந்து நெருப்பைத் திருப்பிக் கொண்டுவரும். ஆகவே குசினிக்கு அருகில், விறகடுப்பு எரியும்போது, குப்பி விளக்கு வெளிச்சத்தில், பீடி சிகரட்டுடன் ஒருபோதும் லாக்கர் பூசக் கூடாது. மின் ஆளியைப் போடும்போது எழும் சிறு பொறியும் போதும். திறந்த விறாந்தையோ கொட்டிலோ தகுந்த இடம். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

முகத்தில் கட்டும் துணியும், கொரோனாக் காலத்தில் நாம் அணிந்து பழகிய முகக்கவசமும் தூசியை ஓரளவு தடுக்கும். தின்னர் ஆவியை அவை தடுக்கமாட்டா. அதற்குக் கரி வடிகட்டி பொருத்திய கவசம் வேண்டும். அது இல்லாதவர்கள் காற்றோட்டத்தில் நின்று, காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி வேலை செய்து, இடைக்கிடை விலகிச் செல்ல வேண்டும். தலை சுற்றினால், குமட்டினால் உடனே நிறுத்துங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அந்தப் பக்கம் வரவே கூடாது. கையைத் தின்னரால் கழுவும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது தோலினூடாக உடலுக்குள் செல்லும். எனாமல் பட்ட கையைத் தேங்காயெண்ணெய் பூசித் துடைத்துச் சவர்க்காரத்தால் கழுவினால் போதும்.

எனாமலிலும் ஓர் ஆபத்து உண்டு. எண்ணெய் வார்னிஷ், ஆளிவிதை எண்ணெய் ஆகியவை ஊறிய துணிகளைக் குவியலாக வைத்தால், அவை காயும்போது உண்டாகும் வெப்பம் வெளியேற முடியாமல் தானாகவே தீப்பற்றலாம். துணிகளைத் தனித்தனியாக விரித்து வெளியில் காயவிடுங்கள், அல்லது தண்ணீருள்ள ரின்னில் போட்டு வையுங்கள்.

செலவுக் கணக்கு

விலைகள் மாறிக்கொண்டே இருப்பதால் அளவைக் கணக்கிடும் முறையைத் தருகிறோம். ஆறடி உயரம், நான்கடி அகலம், ஒன்றரை அடி ஆழமுள்ள அலுமாரியொன்றை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் 24 சதுர அடி, இரு பக்கவாடும் 18, மேற்பக்கம் 6, மொத்தம் 48 சதுர அடி. இது ஏறத்தாழ நாலரைச் சதுர மீற்றர்.

எனாமல் ஒரு லீற்றர் ஒரு பூச்சுக்குச் சுமார் 10 சதுர மீற்றர் பிடிக்கும் எனக் கொண்டால், இரண்டு பூச்சுக்கு ஏறத்தாழ ஒரு லீற்றரும், அண்டர்கோட் அரை லீற்றரும் வேண்டும். லாக்கரும் சீலரும் லீற்றருக்கு 8 சதுர மீற்றர் எனக் கொண்டால், சீலர் இரண்டு பூச்சுக்கு ஒரு லீற்றருக்குச் சற்று மேல், லாக்கர் மூன்று பூச்சுக்கு ஒன்றே முக்கால் லீற்றர், அவற்றுடன் நீர்ப்பதற்கும் கழுவுவதற்கும் தின்னர். இந்த எண்களை உங்கள் ஊர்க் கடை விலையால் பெருக்கிப் பாருங்கள். பொதுவாக லாக்கருக்குப் பொருட்செலவு கூடும், ஆனால் பூச்சு வேலை ஒரே நாளில் முடியும். எனாமலுக்குப் பொருட்செலவு குறையும், ஆனால் மூன்று நாள் இடம் அடைத்திருக்கும். தொழிலாகச் செய்யும் இளைஞர்கள் இவ்விரண்டையும் சேர்த்தே கூலி பேச வேண்டும்.

சில உதாரணங்கள்

முதிரை அலுமாரி, பிரெஞ்சுப் பொலிஷ் மங்கியுள்ளது: ஸ்பிரிற்றால் கழுவி லாக்கர் பூசுக. பொலிஷ் கெடாமல் அழுக்கு மட்டும் என்றால், துடைத்து மெழுகிடுவதே போதும். எல்லாப் பழைய பொருளுக்கும் புதுப்பூச்சு வேண்டும் என்பதில்லை.

பாலர் பாடசாலை மேசை கதிரைகள்: பல மரத்துப் பலகை, நாளும் அடிபடுபவை. ஈயம் சேர்க்காதது என்று ரின்னில் குறிப்பிட்ட எனாமல்.

குழந்தைத் தொட்டில்: பிள்ளை விளிம்பைக் கடிக்கும். பழைய பெயின்ற் அடித்த தொட்டிலைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டாம். நல்ல மரமாயின் பூச்சின்றி மட்டமாகத் தேய்த்து விடுவதே மேல்.

விறாந்தைச் சாய்மனைக் கதிரை: வெயில் நேரே படாத உள்விறாந்தையாயின் லாக்கர். சாரல் அடிக்கும் இடமாயின், நல்ல மரத்தைப் பெயின்றால் மூடுவதற்கு முன்னர், கதிரையை இரண்டடி உள்ளே நகர்த்த முடியுமா என்று பாருங்கள். செலவில்லாத தீர்வு அதுவே.

கறையான் அரித்துத் திருத்திய குசினித் தட்டு: எனாமல். ஆனால் பூச்சு கறையானுக்கு மருந்தல்ல. அரிப்பை முற்றாக நீக்கி, நிலத்திலிருந்து உயர்த்தி வைத்த பின்னரே பூச வேண்டும்.

இறுதியாக, ஊரில் இத்தொழிலைக் கற்கும் இளைஞர்களுக்கு ஒரு சொல். வாடிக்கையாளர் ஒருவர் தமது தாயாரின் அலுமாரிக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்துத் தரும்படி கேட்டால், முதலில் மறைவான ஓர் இடத்தில் உள்ளங்கை அளவு கழுவி, சீலர் ஒருமுறை பூசி, உள்ளிருக்கும் மரத்தை அவருக்குக் காட்டுங்கள். அதன் பின்னரும் அவர் பெயின்றே வேண்டும் என்றால் மனமுவந்து அடித்துக் கொடுங்கள். அது அவரது பொருள். ஆனால் என்ன மரத்தை மூடுகிறோம், அது திரும்பி வராது என்பதைத் தெரிந்துகொண்டு அவர் முடிவெடுக்க வேண்டும். அதைச் சொல்வதும் தொழிலின் ஒரு பகுதியே.